கித்தான் வாளியும் அரை டிகிரியும்

பழைய வெப்பநிலைப் பதிவுகளை விஞ்ஞானிகள் திருத்துகிறார்களாமே, அப்படியானால் பூமி சூடாவது என்பதே அந்தத் திருத்தத்தால் வந்த தோற்றம்தானே? 2024ஆம் ஆண்டின் சராசரி, 1850–1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்பது போன்ற செய்தி எது வந்தாலும், கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது.

திருத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாத் திருத்தங்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரையிலான வெப்ப உயர்வு, திருத்தாத தரவில் இருப்பதைவிடக் குறைந்துதான் போகிறது. காரணம், ஒரு வாளி.

நிலத்தின் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நகரம் வளர்ந்து வெப்பமானியைச் சூழ்ந்துகொள்ளும். நிலையத்தை இடம் மாற்றுவார்கள். அமெரிக்காவில் மாலையில் அளவெடுத்துவந்த தன்னார்வலர்கள் காலைக்கு மாறினார்கள். மாலையில் உச்ச அளவைப் படித்துக் கருவியை மீட்டமைத்தால், அன்றைய வெக்கை அடுத்த நாள் கணக்கிலும் ஏறிவிடும். இந்தப் பிழைகளைச் சந்தேகித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், எண்ணெய்த் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளைப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். 2012இல் அவர் வந்து சேர்ந்ததும் அதே வெப்ப உயர்வுக்குத்தான்.

பூமியின் பரப்பில் 71 சதவீதம் கடல். அங்கே வெப்பமானிப் பெட்டி நட முடியாது. 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு, பல நாட்டுக் கப்பல்களும் ஒரே மாதிரி வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கின. கடல்நீரின் வெப்பநிலை வேண்டுமென்றால் வாளியைக் கயிற்றில் இறக்கி, நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து, வெப்பமானியை முக்கிப் படிக்க வேண்டும். முதலில் மரவாளி, பிறகு கித்தான் துணியில் தைத்த வாளி.

கித்தான் வாளியின் பக்கங்களில் நீர் கசியும். கசிந்த நீர் கடல்காற்றில் ஆவியாகும். ஆவியாவதற்கான வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாளியில் 4 லிட்டர் நீர். அதில் 4 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, ஆவியாகிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 585 கலோரி வீதம் 2,340 கலோரி போய்விடும். மீதி நீர் கிட்டத்தட்ட 0.6 டிகிரி குளிர்ந்திருக்கும். ஒரு நூற்றாண்டின் உயர்வே ஏறக்குறைய ஒரு டிகிரிதான் என்னும்போது, இது சின்னப் பிழை இல்லை. மரவாளியில் கசிவு குறைவு, மரம் வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. எனவே பிழையும் சிறிது.

சரி, அன்று மாலுமி வாளியை எத்தனை நிமிடம் காற்றில் வைத்திருந்தான்? ஏட்டில் அது இல்லை. இங்கேதான் பிரிட்டிஷ் வானிலை மையத்தின் ஃபோலண்டும் பார்க்கரும் 1995இல் வெளியிட்ட முறை அழகு. குளிர்காலத்தில் கண்டத்திலிருந்து வறண்ட குளிர்காற்று வெதுவெதுப்பான கடல்மேல் வீசும். வாளி வேகமாகக் குளிரும். கோடையில் காற்றுக்கும் நீருக்கும் வித்தியாசம் சொற்பம். வாளி அதிகம் குளிராது. ஆகவே வாளிக்காலத்துப் பதிவுகளில் குளிர்காலம் உள்ளதைவிடக் குளிராகத் தெரியும். கோடைக்கும் குளிருக்கும் இடையிலான ஊசலாட்டம் பிற்காலப் பதிவுகளைவிடப் பெரிதாக இருக்கும். எத்தனை நிமிடம் என்று வைத்துத் திருத்தினால் அந்த மிகை ஊசலாட்டம் மறைகிறதோ, அதுவே வாளி காற்றில் இருந்த நேரம். மாலுமி எழுதாமல் விட்டதைப் பருவங்களே எழுதி வைத்திருக்கின்றன! இப்படிக் கிடைத்த திருத்தம் 1850களில் சுமார் 0.1 டிகிரி, கித்தான் வாளி பெருகிவிட்ட 1940 வாக்கில் சுமார் 0.4. பழைய கடல் அந்த அளவுக்குச் சூடாகிறது. இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை தலைகீழானது. அப்போது வந்த அளவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது. அவை இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தன. இயந்திர அறையின் சூடு பட்டு அது சற்றுக் கூடுதலாகவே காட்டும். போர் முடிந்ததும் வாளியோடு பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பின. 1945 ஆகஸ்டை ஒட்டி உலகக் கடல் திடீரென்று 0.3 டிகிரி குளிர்ந்தது போலப் பதிவானது. கடல் குளிரவில்லை, அளந்த கை மாறியது. 2008இல்தான் இதைத் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள்.

2015இல் அடுத்த சண்டை. இப்போது கடலில் மிதந்தபடி தானே அளந்து அனுப்பும் மிதவைகளின் காலம். அவை கப்பல்களைவிடச் சராசரியாக 0.12 டிகிரி குறைவாகக் காட்டுகின்றன. மிதவைகளின் பங்கு ஏற ஏற, சராசரி பொய்யாகக் கீழே இழுபட்டது. கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நோவா, மிதவை அளவுகளோடு 0.12ஐக் கூட்டியதும், நல்ல கருவியை மோசமான கருவிக்கு ஏற்ப வளைக்கிறார்கள் என்று கூச்சல். கப்பல் அளவுகளிலிருந்து 0.12ஐக் கழித்திருந்தாலும் போக்கு ஒன்றுதான். கோடு மொத்தமாகக் கீழே இறங்கியிருக்கும், அது மேலேறும் சாய்வு மாறாது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லாமர் ஸ்மித் நோவாவின் கடிதங்களைக் கேட்டு ஆணை அனுப்பினார். கடிதங்களைப் படிப்பதைவிட உருப்படியான வேலையை 2017இல் பருவநிலை ஆய்வாளர் ஹவுஸ்ஃபாதரின் குழு செய்தது: மிதவை மட்டும், கடலுக்குள் மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ கருவிகள் மட்டும், செயற்கைக்கோள் மட்டும் என மூன்று தனிக் கணக்குகள். எதிலும் கருவிகளைக் கலக்கவில்லை, எனவே ஒட்டுப்போட வேண்டியதும் இல்லை. மூன்றும் நோவாவின் புதிய கணக்கோடு பொருந்தின.

இன்னும் பிழைகள் அகப்படுகின்றன. பழைய ஜப்பானியக் கப்பல் பதிவுகளைக் கணினிக்கு ஏற்றியபோது தசமப் புள்ளிக்குப் பின் இருந்த இலக்கத்தை வெட்டிவிட்டார்கள் என்று 2019இல் தெரிந்தது. 18.7 என்பது 18 ஆகிவிடும். வட பசிபிக் பல ஆண்டுகள் வீணாகக் குளிர்ந்து கிடந்தது இதனால்தான். புதிய செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு துளியைப் பழைய ஏடுகளைப் பொறுமையாகப் படியெடுப்பதற்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. வெட்டுப்பட்ட அந்த இலக்கத்தை ஈடுகட்டிய பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட பசிபிக்கும் வட அட்லாண்டிக்கும் சூடான வேகம் முன்பைவிட நெருங்கி வந்திருக்கிறது.