பிட்ரேட்: நொடிக்கு எத்தனை பிட் வீதம்?

வீடியோவை மாற்றித் தரும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் 'பிட்ரேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். உள்ளே 2500, 5000, 8000 என்று ஏதோ ஓர் எண். பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களில் பாதிப் பேர், எண் கூடினால் தரமும் கூடும் என்று இருப்பதிலேயே பெரியதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் தரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு பங்கு ஒதுக்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறது.

'பைனரி டிஜிட்', அதாவது இரும இலக்கம், என்பதைச் சுருக்கிச் செய்த சொல் 'பிட்'. 0 அல்லது 1, இரண்டில் ஒன்று. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டுக் கட்டுரையில்தான் இது அச்சேறிப் பரவியது. சொல்லைத் தந்தவர் புள்ளியியலாளர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டிருக்கிறார். சிறு துண்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே ஒரு 'பிட்' உண்டு. பரீட்சையில் 'பிட் அடிக்கிறான்' என்கிறோமே, அந்தத் துண்டுச்சீட்டு இந்தப் பழைய சொல்லின் வழி வந்தது. கணினிப் பிட்டைத் 'துணுக்கு' என்று எழுதுவோர் இந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இருமம் என்ற கரு அதில் விழுந்துவிடுகிறது. 'இரும இலக்கம்' சரியான பெயர், அன்றாடத்துக்கு நீளம். 'பிட்' என்றே வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

'ரேட்' லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரோ ராட்டா' என்றால் கணக்கிட்ட பங்கின்படி. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது 'வீதம்'. 'ஆளுக்கு இரண்டு வீதம் கொடு' என்னும்போது நாம் சொல்வதும் அதே பங்குக் கணக்குதான். ஆக, பிட்ரேட் என்பது பிட் வீதம்.

'பிட் விகிதம்' என்று எழுதுவதும் உண்டு. 'வட்டி விகிதம்' பழகிப்போனதால் வரும் பழக்கம் அது. ஆனால் விகிதம் என்பது ஒரே வகையான இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. வீடியோ அமைப்புகளில் 16:9 என்று திரையின் அகல உயரத்துக்கு ஒரு விகிதம் தனியாகவே இருக்கிறது. ஒரே சாளரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதை விகிதம் என்போம், இதை வீதம் என்போம்.

பங்கு என்று புரிந்துகொண்டால் கணக்கு தானாக வந்துவிடும். நொடிக்கு 4000 கிலோபிட், படம் 2 மணி நேரம், அதாவது 7200 நொடி. பெருக்கினால் 2,88,00,000 கிலோபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் 36,00,000 கிலோபைட், அதாவது 3.6 ஜிபி. ஒலிக்கு நொடிக்கு 128 கிலோபிட் கொடுத்தால் இன்னும் 115 எம்பி சேரும். இந்தக் கணக்கில் திரையின் அளவு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அதே 4000-இல் 480பி செய்தாலும் 4கே செய்தாலும் கோப்பின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். பங்கு மாறவில்லை, பங்குக்கு நிற்கும் புள்ளிகள்தான் பெருகுகின்றன.

சுருக்காத வீடியோ எவ்வளவு கேட்கும்? 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப்படங்கள் (ஃபிரேம்): நொடிக்கு சுமார் 1244 மெகாபிட். 8 மெகாபிட்டில் சேமித்தால் 155-இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மீதியை எப்படிச் சாமர்த்தியமாகக் கழிப்பது என்பது கோடெக்கின், அதாவது வீடியோவைச் சுருக்கி மீண்டும் விரிக்கும் முறையின், வேலை. டிவிடியில் படத்துக்கான உச்ச வீதம் நொடிக்கு 9.8 மெகாபிட். யூடியூப் 1080பி வீடியோவை 24 முதல் 30 சட்டகத்தில் ஏற்ற 8 மெகாபிட் போதும் என்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் டிவிடி உசத்தி! ஆனால் அதன் கோடெக் பழைய எம்பெக்-2. 2003-இல் வந்த எச்.264 அதைவிடச் சிக்கனம். 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தைச் சுமார் பாதி வீதத்தில் தரும். எந்தக் கோடெக் என்று சொல்லாமல் 'எத்தனை பிட்ரேட் வைக்கலாம்?' என்று கேட்டால் பதில் கிடையாது.

படத்தில் என்ன ஓடுகிறது என்பதும் முக்கியம். அசையாத ஸ்லைடும் ஓரத்தில் ஒரு முகமும் உள்ள பாடம் என்றால், எச்.264-இல் 1080பி-க்கு 1500 கிலோபிட்டே தாராளம். முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதினால் போதுமே. மழை, அலை, காற்றில் பறக்கும் காகிதத் துகள் என்றால் ஒவ்வொரு சட்டகமும் புதிது. 6000 கொடுத்தும் திணறலாம். வீதம் போதவில்லை என்பதை முதலில் இருட்டுக் காட்சிகள் காட்டிக்கொடுக்கும். இரவு வானத்தின் மெல்லிய சாயல் படிப்படியாக வரி விழுந்து நிற்கும். வேகமாக நகரும் இடங்களில் சதுரச் சதுரமாகக் கட்டம் தெரியும். மாற்றிய கோப்பைச் சோதிக்க அந்த இரண்டு இடங்களைப் பார்த்தாலே போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூலக் கோப்பே 2500-இல் இருந்தால், அதை 8000-க்கு மாற்றுவது வட்டில் இடத்தை வீணாக்குவதுதான். கோப்பு மும்மடங்கு பெருக்கும். கழித்துப் போன விவரம் ஒரு புள்ளிகூடத் திரும்பாது. மீடியாஇன்ஃபோ போன்ற கருவியில் மூலத்தின் கோடெக்கையும் வீதத்தையும் முதலில் பாருங்கள். எம்கேவி, எம்பி4 என்பவை படத்தையும் ஒலியையும் போட்டு வைக்கும் உறைகள். எம்கேவியை எம்பி4 ஆக்குவது மட்டும்தான் தேவை, உள்ளிருக்கும் கோடெக்கை எம்பி4 ஏற்கும் என்றால், மறுகுறியாக்கமே, அதாவது மீண்டும் சுருக்கி எழுதுவதே, வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றுக் கருவியில் 'காப்பி' என்று கொடுத்தால் உறை மட்டும் மாறும், தரம் அப்படியே இருக்கும்.

சரி, வீதத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டுமா? மாறா வீதம், மாறும் வீதம் என்று இரண்டு வகை உண்டு. முதலாவது எளிய காட்சிக்கும் கடினக் காட்சிக்கும் ஒரே பங்கு தரும், நேரலைக்கு ஏற்றது. இரண்டாவது தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். சேமித்து வைக்கத்தான் என்றால் என் தேர்வு பிட்ரேட் கட்டமே அல்ல, பக்கத்தில் இருக்கும் சிஆர்எஃப் என்ற தர எண். அதில் தரத்தைச் சொன்னால் வீதத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எச்.264-ஐ எழுதும் எக்ஸ்264 மென்பொருளில் இயல்பு மதிப்பு 23. எண் குறைந்தால் தரம் கூடும், 6 குறைத்தால் கோப்பு ஏறத்தாழ இருமடங்காகும். கோப்பு இத்தனை எம்பிக்குள் அடங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் பிட்ரேட்டுக்கு வாருங்கள்: எம்பியை 8000-ஆல் பெருக்கி, மொத்த நொடியால் வகுத்து, ஒலியின் பங்கைக் கழித்து, வரும் கிலோபிட் எண்ணை, முதலில் படத்தை அளந்து பார்த்து அடுத்த ஓட்டத்தில் எழுதும் இருமுறை ஓட்டக் குறியாக்கத்தில் (டூ-பாஸ்) கொடுங்கள்.