தனித் தட்டு வேண்டாம்: சார்காய்டோசிஸ் வந்த அப்பா அம்மாக்களுக்கு

சார்காய்டோசிஸ், அதாவது நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டாகும் நோய், ஒட்டுவதில்லை. இருமினால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்கினாலும் பரவாது. இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் வீட்டில் எல்லோர் காதிலும் போட்டுவிடுங்கள்.

நான் கோவையில் நுரையீரல் மருத்துவர். ஈரோடு, திருப்பூர், பல்லடம், கோபி என்று நாலா பக்கமிருந்தும் வருகிறவர்களில் இந்த நோய் புதிதாகத் தெரியவருபவர்கள் பலரும் நடு வயதுக்காரர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் காலம். ரிப்போர்ட்டைச் சொன்னதும், தனக்கு என்ன ஆகும் என்று கேட்பதற்கு முன்னால் “கொழந்தைகளுக்கு ஒட்டிக்குமுங்களா டாக்டர்?” என்றுதான் கேட்பார்கள். சிலர் கேட்பதுகூட இல்லை, வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருப்பார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு அம்மா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). வறட்டு இருமல், சாயங்காலமானால் தாங்க முடியாத அசதி. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவில் நெறிகட்டி இருந்ததைப் பார்த்த யாரோ “டிபியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தனித் தட்டு, தனி டம்ளர், முன்ரூமில் தனிப் பாய். சின்னப் பையனைக் காங்கேயத்தில் அம்மாயி வீட்டில் விட்டாயிற்று. திசுப் பரிசோதனையில் சார்காய்டோசிஸ் என்று வந்து, ஒட்டாது என்று நான் விளக்கிச் சொன்ன பிறகும், அடுத்த முறை வந்தபோது தட்டு தனியாகத்தான் இருந்தது. “எதுக்குங்க வம்பு, இருக்கட்டும்னு விட்டுட்டேனுங்க” என்றார். பையனும் இன்னும் காங்கேயத்தில்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காசநோய்க்காரர்களை வைத்துப் பார்த்த பெருந்துறை சானடோரியம் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. நெஞ்சில் நோய் என்றால் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பயம். காசநோய்க்கே இன்று தனித் தட்டு தேவையில்லை, அது காற்றில் பரவுகிற நோய், தட்டில் அல்ல. சார்காய்டோசிஸில் பரவுவதற்குக் கிருமியே இல்லை.

இரண்டையும் குழப்பிக்கொள்வது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. சார்காய்டோசிஸில் நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கூட்டம் கூடிச் சின்னச் சின்ன முடிச்சுகளாகின்றன. கிரானுலோமா என்போம். காசநோயிலும் இதே முடிச்சுகள் உண்டு. இருமல், எடை குறைவு, நெறிகட்டு எல்லாமே இரண்டுக்கும் பொது. அதனால்தான் மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டு ஊசியால் திசு எடுப்பது, சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) என்று இத்தனை டெஸ்ட். கல்ச்சர் முடிவு வர 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். இழுத்தடிக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் காசநோயை வைத்துக்கொண்டு சார்காய்டோசிஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிட்டால் அது தலைவிரித்து ஆடும், அதனால் இந்தக் காத்திருப்பை யாரும் சுருக்கக் கூடாது. சார்காய்டோசிஸ் உறுதியான பிறகு, ஏற்கெனவே காசநோய் என்று உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் அதை மாற்றித் தரும்படி கேளுங்கள். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து போனாலே தெருவில் பேச்சு கிளம்பிவிடும், அது பிள்ளையின் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்.

ஏன் வந்தது என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, உலகத்தில் யாரிடமும் இல்லை. நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் போக் 1899ல் இதற்குப் பெயர் வைத்துவிட்டார், காரணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பஞ்சுத் தூசியில் வேலை பார்த்ததாலா, குழந்தை பிறந்தபோது பத்தியம் இருக்காததாலா என்று தங்களையே நோண்டிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. அதற்காகப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பலருக்கு 2, 3 வருடத்துக்குள் இது தானாகவோ மருந்தாலோ அடங்கிவிடுகிறது. சிலருக்கு நீடிக்கும், சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது முதல் நாளே தெரியாது. அதனால்தான் மாத்திரையே எழுதாமல் “3 மாசம் கழிச்சு வாங்க” என்றும் சொல்வோம். அது அலட்சியம் இல்லை.

தட்டை ஒதுக்கி வைத்து வீணாக்கும் கவனத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள். கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். சார்காய்டு கண்ணுக்குள் வலியே இல்லாமல் அழற்சியை உண்டாக்கும். இசிஜியும் எடுக்க வேண்டும். நெஞ்சு படபடவென்று அடித்துத் தலைசுற்றி விழுந்தாலோ, கண் சிவந்து வெளிச்சம் கூசினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே வாருங்கள்.

அப்புறம் கால்சியம். இதை இங்கே யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கை கால் வலி என்று போனால் கால்சியம் மாத்திரையும், வாரம் ஒன்று பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் விட்டமின் டி பொடியும் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாக அதில் தப்பில்லை. ஆனால் சார்காய்டு முடிச்சுகள் தாங்களாகவே விட்டமின் டியைத் தூண்டிவிடும் வேலையைச் செய்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கும்போது மேலும் கொடுத்தால் அடங்காத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் பார்க்காமல் இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

மருந்து வேண்டும் என்றானால் முதலில் வருவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மாதக்கணக்கில் மெல்லக் குறைப்போம். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். பசி எடுக்கும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும். சர்க்கரை இல்லாதவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு கெடுதல் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையையும் சேர்ப்போம். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே கேடு, கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கணவரோ மனைவியோ யார் இதைச் சாப்பிட்டாலும், அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இது ஆகாது. அப்பாமார்களுக்கு: இந்த மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் ஈரல் தாங்காது.

நோய் உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போகாது, சரி. பிள்ளையிடமிருந்து உங்களுக்கு வருவது ஒன்று உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் இந்த மருந்துகளைச் சாப்பிடும்போது பிள்ளைக்கு அம்மை போட்டால், உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்காவிட்டால், அது உங்களைப் படுக்கையில் தள்ளிவிடும். வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், கூடவே அன்றைக்கே எங்களுக்கும் ஒரு போன் போடுங்கள். மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

வலி, இருமலைவிடப் பெற்றோரை அதிகம் வாட்டுவது அசதிதான். எக்ஸ்ரே தெளிந்த பிறகும் இது நீடிக்கும். “பாத்தா நல்லாத்தான இருக்கற” என்று மாமியாரும், சில சமயம் கணவரும் சொல்வார்கள். ரத்த சோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நிற்பது, மனச்சோர்வு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதுவும் இல்லையென்றால் வீட்டாரையே அறைக்குள் கூப்பிட்டு நானே சொல்வேன்: இது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பாகம். போர்வெல்லில் தண்ணி ஊற ஊறத்தானே மோட்டார் போடுகிறோம், அதேபோல வேலையைப் பிரித்துப் போடுங்கள். காலையில் டிபன் பாக்ஸ், வேன் என்று ஓடி முடித்ததும் அரை மணி நேரம் படுப்பது மருந்து மாதிரி. வீட்டுப்பாடத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்கலாம். துணி துவைப்பதை வீட்டுக்காரர் செய்தால் குடி முழுகிவிடாது. மில்லில் நைட் ஷிப்ட் என்றால் மாற்றித் தரச்சொல்லிச் சான்றிதழ் கேளுங்கள், எழுதித் தருவோம்.

பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா? சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஏதாவது காதுகுத்து விசேஷத்தில் பெரியம்மா சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து நிற்கும். சின்னதாக இருந்தால், “அம்மா நெஞ்சுக்குள்ள சின்னச் சின்ன முடிச்சா இருக்குது சாமி, டாக்டர் பாத்துட்டிருக்கறாரு, உன்னால வரல, உனக்கும் ஒட்டாது” என்று சொன்னால் போதும். தன் சேட்டையால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. ஸ்டீராய்டால் எரிந்து விழுகிற நாட்களில், “மாத்திரைனால கோவம் வருதுடா கண்ணு” என்று அதையும் சொல்லிவிடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை எப்படியும் போனில் தேடிப் பார்க்கும், கூட உட்கார்ந்து பாருங்கள். அடுத்த மாதமே சரியாகிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெரிய பிள்ளைகளைச் செக்கப்புக்குக் கூட்டிவாருங்கள் என்று நானே சொல்கிறேன். வரும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. வெளிநாட்டு வேலைக்காக எப்போதோ எடுத்த மெடிக்கல் எக்ஸ்ரே பரணில் கிடந்தால் அதையும்தான். முன்பு எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நெறிகட்டு கூடுகிறதா குறைகிறதா, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.