மியூட்டேஷன்: சடுதி மாற்றமா, விகாரமா, பிறழ்வா?

பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் கொட்டை எழுத்தில் இருந்தது: 'இ.ஜி.எஃப்.ஆர். மியூட்டேஷன் பாசிட்டிவ்', அதாவது செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை, சின்ன வயதிலிருந்தே சைவம், ஆனாலும் நுரையீரல் புற்றுநோய். பெரியம்மா கேட்டது இரண்டே கேள்வி. காய்கறியாகச் சாப்பிட்ட மனுஷனுக்கு எப்படி வந்தது? மரபணுவில் கோளாறு என்றால் பிள்ளைகளுக்கும் வருமா? அந்தக் கேள்விகளில்தான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன்.

மியூட்டேஷன் என்பதன் வேர் லத்தீன், பொருள் 'மாறுதல்', அவ்வளவுதான். அதில் திடீர் என்ற அர்த்தமே கிடையாது. 1901-ல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ், மாலையில் பூக்கும் ஒரு செடியை வளர்த்துப் பார்த்து, புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்று எழுதினார். நம் பாடநூல்களின் 'சடுதி மாற்றம்' அந்தத் தாவலைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. புகைப்பவரின் நுரையீரலுக்கு இந்தச் சொல் துளியும் பொருந்தாது. தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவரின் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சுமார் 150 மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016-ல் கணக்கிட்டார்கள். வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்வதைச் சடுதி என்று எப்படிச் சொல்வது?

இலங்கைத் தமிழில் இதற்கு 'விகாரம்' என்கிறார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, அப்புறம் நன்னூல் நினைவுக்கு வந்தது. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் 'ப்' தோன்றுகிறது, பொற்குடத்தில் 'ன்' 'ற்' ஆகத் திரிகிறது, மரவேரில் 'ம்' கெடுகிறது. இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும் நடப்பது அச்சாக இதேதான்! 19-ஆம் பகுதியில் சில டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்துபோனால் கெடுதல், அது உண்டாக்கும் புரதத்தின் 858-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தால் திரிதல், 20-ஆம் பகுதியில் கூடுதலாகச் சில எழுத்துகள் நுழைந்தால் தோன்றல். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்குமா தெரியாது. ஆனால் பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம். படுக்கையில் இருப்பவரிடம் "உங்களுக்கு விகாரம் இருக்கிறது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் என் தேர்வு 'பிறழ்வு'. முறை பிறழ்ந்தது, வாக்குப் பிறழ்ந்தது என்று நாம் ஏற்கெனவே புழங்கும் சொல், இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியது என்பதை நோகாமல் சொல்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு, 'மரபணு' என்று முன்னால் சேர்த்ததும் 'மரபு' காதில் விழுந்து, பரம்பரை நோய் என்று எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். ஆகவே இரண்டாகப் பிரித்துச் சொல்லலாம்: பெற்றோரிடமிருந்து வருவது வழிவந்த பிறழ்வு, வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் உண்டாவது இடைவந்த பிறழ்வு. நுரையீரல் கட்டியில் காணும் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு பெரும்பாலும் இடைவந்ததுதான்.

வழிவந்ததும் இல்லாமல் இல்லை. ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு பலருக்குப் பிறவியிலேயே முழுசாகக் கிடையாது, அதாவது முழுக் கெடுதல். புகையின் நச்சை வெளியேற்ற உதவும் நொதியை உண்டாக்குவது அது. முட்டைக்கோஸ், புரோக்கோலியை நறுக்கும்போது உண்டாகும் காரமான ஐசோதயோசயனேட்டை வெளியே தள்ளுவதும் அதே நொதிதான், ஆக மரபணு இல்லாதவர் உடலில் அந்த நல்ல பொருள் கூடுதல் நேரம் தங்குகிறது. 2000-ல் வெளியான ஷாங்காய் ஆய்வில், சிறுநீரில் இந்தப் பொருள் தென்பட்ட ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது, மரபணு இல்லாதவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு.

இதைப் படித்துவிட்டு யாரும் காய்கறிச் சத்து மாத்திரைக்கு ஓட வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகத்தான் வந்தது, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். கேரட்டில் இருப்பதும் அதே கரோட்டின்தான், ஆனால் காயாகத் தின்பது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு.

பெரியம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: "காய்கறி ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் பெரியம்மா, வரவே வராது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியப்பாவுக்கு வந்தது இடைவந்த பிறழ்வு, வழிவந்தது இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்." "இடைவந்தது" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட எழுந்து போனார்.