ஆச்சிமாரே, பச்சை முட்டை வேண்டாம்

மானூர்ப் பக்கமிருந்து ஆட்டைக் காட்ட வந்தவர், மகளை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததைச் சொன்னார். பெரியவளாகி ஒன்பது நாள்தான். தினமும் விடியுமுன் ஆச்சி நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் அளந்து கொடுத்திருக்கிறார். காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, நிற்காத போக்கு. மலப் பரிசோதனையில் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி. இந்த வருஷம் என் காதுக்கு வந்த மூன்றாவது பிள்ளை.

"நம்ம வீட்டுக் கோழிதானே டாக்டர்" என்றார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாமக்கல் முட்டையில்தான் கிருமி இருக்கும், நாட்டு முட்டையில் இருக்காது என்று யார் சொன்னது? உங்கள் கோழி குப்பையைக் கிளறி, எலிப் புழுக்கை கிடக்கும் தவிட்டைத் தின்று, சாக்கடையில் வாய் வைத்துவிட்டுத்தான் பஞ்சாரத்துக்கு வருகிறது. அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஐந்து கோழியும் கொண்டை சிவந்து திடமாக நின்றன. அதுதான் ஆபத்து. இந்தக் கிருமி வளர்ந்த கோழியைப் பெரும்பாலும் படுக்க வைக்காது. சினைப்பையில் குடியிருந்து, ஓடு மூடுவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். நீங்கள் ஓட்டைத் தேய்த்துக் கழுவி என்ன பயன்? வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டாச்சே என்பார்கள். அது வேறு நோய், வைரஸ். இதற்குக் காவல் ஆகாது.

சத்து என்கிறீர்கள். வெந்த முட்டையின் புரதம் 90 சதவீதம் வரை உடம்பில் சேரும். பச்சையாகக் குடித்தால் ஏறக்குறையப் பாதிதான். உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள். முட்டையை மட்டும் மஞ்சள்கரு இறுகும்வரை வேகவையுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆஃபாயில், கலக்கி எதுவும் ஆகாது. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் இந்தக் கிருமியும் ஒன்று.

கோழி வளர்க்கிறவர்களே, முதலில் எலியை ஒழியுங்கள். தீவனத்தை மூடி வையுங்கள். முட்டையிடும் இடத்தில் வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். விரிசல் விட்ட முட்டையைக் குறைந்த விலைக்கு பேக்கரியில் தள்ளாதீர்கள், அது பாவம். பண்ணைக்காரர்கள் குஞ்சு எடுக்கும்போதே தாய்க்கோழிக்குச் சால்மொனெல்லா பரிசோதனை நடந்ததா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்துங்கள். அதனால் கிருமி முழுசாகப் போகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கே அந்த மருந்து கேட்காது. பிரிட்டனில் 1990களின் பிற்பகுதியில் முட்டைக்கோழிகளுக்குச் சால்மொனெல்லாவுக்கான தடுப்பூசி பரவலான பிறகு இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. கட்டுப்படுத்த முடியாத நோய் இல்லை இது.

"எம் பேத்திக்கு நானே கொடுத்துட்டேனே ஐயா" என்று அந்த ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவரிடம் இதை யாரும் சொன்னதில்லை. இன்று உங்கள் வீட்டில் சடங்கான பிள்ளை இருந்தால், நாளைக் காலை அந்த முட்டையை அடுப்பில் வைத்து, தண்ணீர் கொதித்தபின் பத்து நிமிஷம் வேகவிட்டுக் கொடுங்கள் தாயே.