சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்

தோல், வயிறு, மனம் மூன்றையும் கெடுக்கும் பெல்லக்ரா என்ற நோயைப் பற்றி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு வரி கட்டாயம் வரும்: மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் வரும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரியைப் படித்ததும் நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். மக்காச்சோளத்தை உருவாக்கியதே இன்றைய மெக்சிகோ நிலப்பகுதியின் பூர்வகுடி மக்கள்தான். ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதைச் சாப்பிட்டு ஊர் கட்டினார்கள், நகரம் கட்டினார்கள். அவர்களை ஏன் இந்த நோய் வாரிக்கொண்டு போகவில்லை?

தோல் மருத்துவர் என்ற முறையில் பெல்லக்ராவை இன்றும் நான் பார்க்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மக்களின் அடுப்படிக்குப் போகலாம்.

மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டியோசின்ட்டே என்று ஒரு காட்டுப்புல் இருக்கிறது. அதன் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தால் பெரிது. ஒவ்வொரு மணியும் பல்லை உடைக்கிற ஓட்டுக்குள் இருக்கும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி மக்கள் இந்தப் புல்லிலிருந்து நல்ல விதைகளைப் பொறுக்கி விதைக்கத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, இன்று நாம் சுட்டுத் தின்னும் கதிராக மாற்றினார்கள். ஓட்டிலிருந்து விடுபட்ட மணிகள் கதிரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்; மனிதன் உதிர்த்து விதைக்காவிட்டால் இந்தப் பயிருக்கு வாழ்வே இல்லை. ஒரு தாவரத்தை இந்த அளவுக்கு மாற்றியமைத்த மக்களை ‘நாகரிகம் அறியாதவர்கள்’ என்று பள்ளிப் பாடங்களும் சினிமாக்களும் நம் மனதில் பதித்துவிட்டதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 1519-ல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தபோது அங்கே சுமார் 2 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அன்றைய ஸ்பெயினில் அவ்வளவு பெரிய நகரம் ஒன்றுகூட இல்லை. அத்தனை வாய்க்கும் அன்றாடம் சோறு போட்டது மக்காச்சோளம்.

எப்படிச் சமைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காய்ந்த மணிகளைப் பானையில் போட்டு, மணியைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். நூறு பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்பது இன்றும் சாதாரண அளவு. அடுப்பில் வேகவைத்து இறக்கி, அந்த நீரிலேயே ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகக் குழம்பியிருக்கும். மணியைக் கையில் எடுத்துத் தேய்த்தால் மேல்தோல் வழுவழுவென்று கழன்று வரும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டு, மெட்டாட்டே என்ற கல்லில் அரைப்பார்கள். மெட்டாட்டே கிட்டத்தட்ட நம் அம்மியேதான், என்ன, கால் வைத்திருக்கும், கொஞ்சம் சரிவாக இருக்கும். அரைத்த மாவைத் தட்டி மண் ஓட்டில் சுட்டால் அதுதான் டார்ட்டியா. இந்த ஊறவைத்த சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். குவாதமாலாவின் தென்கடற்கரைப் பகுதியில் கி.மு. 1500–1200 காலத்திலேயே இந்த வேலைக்கான பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன.

இது முழுக்கப் பெண்களின் உழைப்பு. விடிவதற்கு முன்பே எழுந்து மண்டியிட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளில் அஸ்டெக் ஓவியர்கள் வரைந்த மெண்டோசா சுவடியில் 13 வயதுச் சிறுமி மெட்டாட்டேயின் முன் மண்டியிட்டிருக்க, அவளுடைய தாய் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற படம் இருக்கிறது. பிள்ளைக்கு எந்த வயதில் ஒரு வேளைக்கு எத்தனை டார்ட்டியா என்பதையும் அதில் வரைந்திருக்கிறார்கள்: 3 வயதில் பாதி, 4 வயதில் ஒன்று, அப்புறம் ஒன்றரை, 13-ல் இரண்டு. அதே நூற்றாண்டில் பெர்னார்டினோ தெ சகாகூன் என்ற துறவி நஹுவா (அஸ்டெக்குகளும் அடங்கிய இனம்) முதியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகளில் இன்னொன்று உண்டு. சோளத்தைப் பானையில் போடுவதற்கு முன் பெண்கள் அதன்மேல் மெல்ல ஊதுவார்களாம், அது நெருப்பைக் கண்டு பயப்படாமல் இருக்க. தரையில் மணி சிந்திக் கிடந்தால் யாராவது பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும்.

சரி, சுண்ணாம்பு என்ன செய்கிறது? பெல்லக்ரா என்பது நயாசின் என்கிற வைட்டமின் பி3 பற்றாக்குறையால் வருவது. மக்காச்சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை. பாலில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் முற்றிய மணியில் அது மாவுப்பொருளோடு பின்னிப் பிணைந்து கிடப்பதால் நம் குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சாப்பிட்டாலும் அப்படியே வெளியே போய்விடும். சுண்ணாம்பின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான குணம்) அந்தப் பிணைப்பை அறுத்து நயாசினை விடுவிக்கிறது. கூடவே மாவில் கால்சியம் பல மடங்கு ஏறுகிறது; பூஞ்சை பிடித்த மணியில் சேரும் நச்சுகளும் குறைகின்றன.

நம் உடல் நயாசினைத் தானாகவும் தயாரிக்கும். அதற்கு ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலம் வேண்டும். சுமார் 60 மில்லிகிராம் ட்ரிப்டோபனிலிருந்து 1 மில்லிகிராம் நயாசின் கிடைக்கும். பாலும் முட்டையும் நயாசின் குறைவாக இருந்தும் பெல்லக்ராவைத் தடுப்பது இதனால்தான். மக்காச்சோளத்தில் ட்ரிப்டோபன் மிகக் குறைவு, லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு. அந்த ஓட்டையையும் அவர்கள் வயலிலேயே அடைத்தார்கள். மில்பா என்ற அவர்களுடைய வயலில் சோளம் தனியாக வளராது. சோளத்தண்டில் அவரை இனக் கொடி ஏறும், கீழே பூசணி படர்ந்து மண்ணை மூடும், இடையில் மிளகாயும் கீரைகளும் இருக்கும். பயறு தரும் லைசினும் ட்ரிப்டோபனும் சோளத்தின் குறையை ஈடுகட்டும். பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சோளத்திலிருந்து வரும்.

வடக்கே சுண்ணாம்புக் கல்லுக்குப் பதில் சாம்பல். இன்றைய நியூயார்க் பகுதியின் ஹாடெனொஷோனி மக்கள் கட்டைச் சாம்பல் கரைத்த நீரில் சோளத்தை வேகவைத்து, அதற்கென்றே பின்னிய கூடையில் போட்டு ஆற்றில் அலசித் தோலை நீக்கினார்கள். தெற்கே செரோக்கி மக்களும் சாம்பல்தான். பாலைநிலத்து ஹோப்பி மக்கள் ஒரு உவர்ச்செடியை எரித்து அந்தச் சாம்பலை நீலச்சோள மாவில் கலந்தார்கள். மொழி வேறு, நிலம் வேறு, கிடைத்த பொருளும் வேறு. ஆனால் சுண்ணாம்போ சாம்பலோ இல்லாமல் சோளத்தை அன்றாட உணவாக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதற்காக அவர்கள் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் மேடுகள் என்ற பூர்வகுடிப் புதைமேடுகளில் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால், சோளத்தை அதிகம் நம்பத் தொடங்கிய பிறகு பல் எனாமல் குறைபாடுகளும் இரத்தசோகையின் தடயங்களும் கூடியிருக்கின்றன. 1450-களின் தொடக்கத்தில் மெக்சிகோ பள்ளத்தாக்கு உறைபனியாலும் வறட்சியாலும் கொடும் பஞ்சத்தில் சிக்கியது. ஒரே தானியத்தை நம்பும் ஆபத்து அவர்களுக்கும் இருந்தது. அந்த ஆபத்தில் ஒரு பகுதியைச் சமையலால் வெல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதுவே எவ்வளவு பெரிய விஷயம் என்பது சோளம் கடல் கடந்த பிறகு தெரிந்தது.

கொலம்பஸுக்குப் பிறகு சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பானை போகவில்லை. காரணம் எளியது. சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் சோள மாவு பிசையும்போது சேராது, டார்ட்டியா தட்ட வராது. அதனால் மெக்சிகோவில் எந்தத் தலைமுறையும் அந்த வேலையைக் கைவிட முடியவில்லை. ஐரோப்பியர்களிடம் மாவு மில் இருந்தது. உலர்ந்த மணியை அப்படியே அரைத்துக் கூழாகக் கிண்டினார்கள். கூழுக்கு மாவு சேர வேண்டியதில்லை. ஆகவே சுண்ணாம்பு ஏதோ காட்டுவாசிகளின் தேவையில்லாத வழக்கம் என்று போய்விட்டது.

1735-ல் ஸ்பெயினின் ஆஸ்துரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர், ஏழை விவசாயிகளின் கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் சிவந்து தடித்த தோலைக் கண்டு எழுதினார். இன்றும் அந்தத் தழும்பு வளையத்துக்கு அவர் பெயர்தான். இத்தாலியின் வடபகுதியில் பொலெண்டா என்ற சோளக் கூழையே குடித்துக் கிடந்த விவசாயக் குடும்பங்களில் நோய் பரவி, மனநோய் விடுதிகள் நிரம்பின. பூஞ்சை பிடித்த சோளம்தான் காரணம் என்று அங்கே நெடுங்காலம் வாதிட்டார்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துவது. செரோக்கி, சோக்டா, மஸ்கோகி போன்ற மக்கள் சாம்பல் நீரில் சோளம் சமைத்த மண் அது. 1830-ல் சட்டம் போட்டு அவர்களை அங்கிருந்து மேற்கே விரட்டினார்கள். பருத்தித் தோட்டங்கள் பெருகின. அந்த நிலத்தில் உழைத்த கறுப்பின, வெள்ளையினக் குத்தகை விவசாயிகளுக்கு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது மில்லில் அரைத்த சோளமாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு, இவ்வளவுதான். 1906 முதல் 1940 வரை அங்கே சுமார் 30 லட்சம் பேருக்குப் பெல்லக்ரா வந்து ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

1914-ல் இதை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லங்களிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு வருகிற நோய் ஊழியர்களுக்கு வருவதில்லை என்று கவனித்தார். தொற்று என்றால் இருவருக்கும் வர வேண்டுமே! உணவில்தான் குறை என்று சொன்னதை யாரும் ஏற்காததால், நோயாளிகளின் இரத்தத்தைத் தன் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1937-ல் கான்ராட் எல்வேஜெம் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் நிகோடினிக் அமிலம் (நயாசினின் இன்னொரு பெயர்) தான் குறையும் சத்து என்று கண்டறிந்த பிறகுதான் விஷயம் முடிவுக்கு வந்தது. மெக்சிகோ கிராமங்களில் அப்போதும் பெண்கள் சுண்ணாம்பில் சோளம் ஊறவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதோடு முடியவும் இல்லை. 1990-ல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்குச் சோளமாவோடு தந்துவந்த நிலக்கடலை நின்றுபோனதும், சுமார் 18,000 பேருக்குப் பெல்லக்ரா வந்தது. நம் நாட்டில் தக்காணப் பகுதியில் வெள்ளைச் சோளம் (இது ஜோவர், மக்காச்சோளம் அல்ல) மட்டுமே சாப்பிட்ட ஏழைகளிடம் இந்த நோய் இருந்ததை, குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்குப் போன ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சி. கோபாலன் குழுவினர் 1960 வாக்கில் விரிவாக ஆராய்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. ஆகவே இங்கே நான் பார்க்கும் பெல்லக்ராவுக்குச் சோளம் காரணமல்ல. பெரும்பாலும் குடி. வெயிலில் வேலை செய்யும் கொத்தனார் ஒருவர், கை இரண்டிலும் கையுறை போட்டதுபோல் கறுத்துத் தடித்து உரிந்த தோலோடு வந்தார். சட்டைப் பட்டன் திறந்திருக்கும் மார்புப் பகுதியிலும் கழுத்தைச் சுற்றியும் அதே கறுப்பு. சட்டை மூடிய இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மெடிக்கலில் வாங்கிய களிம்பைப் பல வாரங்களாகத் தடவியிருக்கிறார். நாக்கு ரத்தச் சிவப்பாக இருந்தது. அவருடைய மனைவிதான் சொன்னார்: “குடிச்சிட்டு வந்தா சோறு எங்க சார் சாப்பிடுறாரு? மிக்சர் பாக்கெட்டோட படுத்துடுவாரு. இப்பல்லாம் பேச்சே தாறுமாறா இருக்கு.” பல நாளாக வயிற்றுப்போக்கும் இருந்தது. நயாசினின் ஒரு வடிவமான நிகோடினமைடு மாத்திரையும் மற்ற பி வைட்டமின்களும் பயறும் முட்டையும் கொடுத்ததில், நாக்கும் வயிறும் சில நாட்களில் சரியாயின, தோல் சில வாரங்களில் தெளிந்தது.

தோல், வயிறு, மனம் மூன்றும் ஒன்றாகக் கெட்டால் அதைத் தனித்தனி நோயாக நினைத்து மூன்று இடத்துக்கு அலையாதீர்கள். வெயில் படும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுத்து எரிந்து உரிகிறது என்றால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் இந்த நோய் உயிரை எடுக்கும்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உள்ள ஐசோனியாசிட், ட்ரிப்டோபனை நயாசினாக மாற்றத் தேவையான வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடும். உடம்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் பெல்லக்ரா எட்டிப்பார்க்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், காசநோய் முற்றிவிடும். கை, கழுத்தில் மாற்றம் தெரிந்த உடனே மருத்துவரிடம் காட்டினால், காசநோய் மாத்திரையைத் தொடர்வது பற்றி அவர் முடிவு செய்து, தேவையான வைட்டமினையும் சேர்த்துக் கொடுப்பார்.