ஆங்ஸ்ட்: அச்சமா, பதற்றமா, அலமரலா?

‘இருத்தலியல் (மனிதன் இருப்பதன் பொருளையும் அவன் சுதந்திரத்தையும் பேசும் தத்துவம்) ஆங்ஸ்ட்’ என்று திரை விமர்சனங்களில் படிக்கும்போது பெரும்பாலும் ஒரு வகைப் படம்தான் பேசப்படுகிறது. காதலர்கள் சேர்ந்தே இருப்பார்கள், உடல்களுக்கு நடுவே எந்தத் தடையும் இராது. இருந்தும் இருவரில் ஒருவரை ஒரு கலக்கம் பிடித்துக்கொள்ளும். எதைக் கண்டு கலங்குகிறாய் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அந்தக் கலக்கத்தின் பெயர்தான் ஆங்ஸ்ட் என்னும் ஜெர்மன் சொல். சப்டைட்டிலிலும் கட்டுரையிலும் அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஆனால் அன்றாட ஜெர்மனில் அது வெறும் பயம். நாய்க்குப் பயம், தேர்வுக்குப் பயம், எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1974இல் எடுத்த ‘ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலெ ஆஉஃப்’ படத்தின் தலைப்பு, மூனிக்கில் வேலை செய்யும் மொராக்கோத் தொழிலாளி ஒருவனின் பிழையான ஜெர்மன்: ‘பயம் ஆன்மாவைத் தின்றுவிடும்’ என்பதை இலக்கணம் தப்பிச் சொல்கிறான். அங்கே ஊராரின் வெறுப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே அந்தத் தலைப்பில் ‘இருத்தலியல்’ தேட வேண்டியதில்லை.

சொல்லின் வேரில் இருப்பது இறுக்கம். ‘குறுகலான’ என்று பொருள்படும் ஜெர்மன் ‘எங்’, லத்தீன் ‘அங்குஸ்துஸ்’ இரண்டும் இதற்கு உறவு. ஆங்கில ‘ஆங்சைட்டி’யும், நெஞ்சைப் பிடிக்கும் நோயான ‘ஆஞ்சைனா’வும் அதே குடும்பம்தான்.

இந்தச் சொல்லைப் பயத்திலிருந்து பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்ககார்ட். 1844இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட ஆங்ஸ்ட் பற்றிய நூலின் அடிப்படை வேறுபாடு எளியது: பயத்துக்குக் குறிப்பான ஒரு பொருள் உண்டு, ஆங்ஸ்ட்டுக்கு இல்லை. பாதாளத்தை எட்டிப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றுகிறதே, அதைப் போலத் தன்னால் எதுவும் செய்ய முடியும் என்று உணர்கிறவனுக்கு வரும் சுற்றல் அது. ‘சுதந்திரத்தின் தலைசுற்றல்’ என்கிறார். ஆதாம் கதையை வைத்து, வெட்கமும் பாலுணர்வும் விழித்துக்கொள்ளும் இடத்திலேயே இதை அவர் பேசுகிறார் என்பது பலர் கவனிக்காதது. காமமும் இருத்தல் ஐயமும் ஒரே படத்தில் வந்தால் வலிந்து ஒட்டவைத்ததாகச் சிலர் குறைப்படுவதுண்டு. அந்த ஒட்டு முதல் நூலிலேயே இருக்கிறது. பிறகு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் (1927) அச்சத்தையும் ஆங்ஸ்ட்டையும் தனித்தனியாக வரையறுத்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் (1943) மலை விளிம்பை எடுத்துக்காட்டினார்: விழுந்துவிடுவேனோ என்பது அச்சம், நானே குதித்துவிடுவேனோ என்பது ஆங்ஸ்ட்.

பொருளே இல்லாத உணர்வைக் கேமரா எப்படிக் காட்டும்? ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில் (1958) படிக்கட்டுகளின் நடுவே கீழே தெரியும் பள்ளம் நீள்கிற காட்சியைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். கேமராவைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே லென்ஸால் முன்னுக்கு இழுத்தார்கள். அதற்காகப் படிக்கட்டின் சிறு மாதிரியைப் படுக்கவைத்துப் படமாக்கினார்கள். அபாரமான உத்திதான். ஆனால் அது காட்டுவது உயரத்தைக் கண்ட பயம். பொருள் கண்முன்னே இருக்கிறது.

இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் வழி வேறு. ‘லா அவெந்தூரா’வில் (1960) பாறைத் தீவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். தேடக் கிளம்பிய அவளுடைய காதலனும் தோழியும் நெருங்கிவிடுகிறார்கள். அவள் கடைசிவரை கிடைக்கவில்லை. ‘லெக்லிஸ்ஸே’யில் (1962) மாலையில் சந்திப்பதாகச் சொன்ன இருவரும் வரவேயில்லை. படம் மட்டும் அந்தத் தெருமுனையில் ஏறத்தாழ ஏழு நிமிடம் நிற்கிறது: பாதி கட்டிய வீடு, தண்ணீர்ப் பீப்பாய், பேருந்து, தெருவிளக்கு. இந்த வெற்று நேரம் வேலை செய்யக் காரணம், அதே முனையில் அந்த இருவரையும் நாம் முன்பே பார்த்திருப்பது. பீப்பாயைக் கண்டதும் யார் இல்லை என்பது உறைக்கிறது. பின்னால் வந்தவர்கள் பலர் அந்த முன்வேலையைச் செய்யாமல் நீண்ட ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விளைவு தாமதம்தான், ஆங்ஸ்ட் அல்ல.

இனி தமிழ்ச் சொல். ‘பயம்’ என்று சப்டைட்டிலில் போட்டால் பார்ப்பவர் வில்லனைத் தேடுவார். ‘பதற்றம்’ மருத்துவத்திலும் உளவியலிலும் ஆங்சைட்டிக்கு நிலைத்துவிட்டது. இலங்கையில் அதையே பதகளிப்பு என்கிறார்கள். ‘இருத்தலியல் பதற்றம்’ கட்டுரைக்குச் சரி, பாத்திரத்தின் வாயில் உட்காராது. ‘அங்கலாய்ப்பு’ ஒலியில் நெருங்கி வந்து ஏமாற்றுகிறது. அது புலம்பல், ஏக்கம்.

எங்கள் தேர்வு அலமரல். ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்கிறது தொல்காப்பிய உரியியல். கீர்க்ககார்டின் தலைசுற்றலும் சுழற்சிதானே. புலன் ஐந்தும் கலங்கி, நெறி மயங்கி, அறிவழிந்து ‘அலமந்த போதாக அஞ்சேல் என்று அருள்செய்வான்’ என்று திருவையாற்றுப் பதிகத்தில் சம்பந்தர் பாடும்போது அது சாவின் விளிம்பு. குறுந்தொகை 28இல் ஊர் உறங்க, காம நோயில் தவிக்கும் பெண்ணை அலைக்கழிப்பது ‘அலமரல் அசைவளி’. அங்கே சொல் காற்றுக்குத்தான் அடை, அவள் மனத்துக்கு நேராக வரவில்லை. அதை மறைத்துச் சான்று காட்டக் கூடாது. ஆனாலும் காமமும் சாவும் இந்தச் சொல்லுக்குப் பழகிய இடங்கள்.

மொழிபெயர்க்கும்போது காட்சியிடம் ‘எதைக் கண்டு?’ என்று கேளுங்கள். ஆளையோ பொருளையோ சுட்ட முடிந்தால் அச்சம். நடக்கப்போகும் ஒன்றைச் சுட்டினால் பதற்றம். எதையும் சுட்ட முடியாவிட்டால் அலமரல். வினையாகவும் வரும்: அலமருகிறாள், அலமந்தாள், அலமந்து நின்றான். உரையாடலில் இந்தச் சொல் செய்யுள் வாடை அடித்தால் ‘என்னவோ மாதிரி இருக்கு’ என்பதே போதும். அதிலும் பொருள் சுட்டப்படவில்லை. மருத்துவ அறிக்கையில் மட்டும் அலமரலை நுழைக்க வேண்டாம், அங்கே பதற்றம்தான்.