கத்தினால் கேட்காது, சேர்

அண்மையில் என்னிடம் லொறி பழக வந்த ஒரு தம்பி, நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே பிரேக்கை முழுதாக மிதித்து விடுவான். விசாரித்தால், முதலில் பழகிய இடத்தில் கத்திக் கத்தியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கத்தலுக்குப் பயந்து நடுவீதியில் திடீரென்று பிரேக் பிடிக்க, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் லொறியில் மோதி, ஓட்டியவருக்குக் கை முறிந்திருக்கிறது. இப்படிப் பயந்துபோய் வரும் பிள்ளை இவன் ஒருவன் மட்டுமில்லை. அதனால்தான் பழக்கும் சேர்மாருக்கு இதை எழுதுகிறேன்.

பழைய லொறிகள் பலவற்றில் எஞ்சின் கெபினுக்குள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடியின் கீழ் இருக்கும். படுவான்கரைப் பக்கம் கிரவல் ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் வாயசைப்பதுதான் தெரியும். இதற்குப் பயிற்றுநர் பலர் வைத்திருக்கும் ஒரே மருந்து, இன்னும் பலமாகக் கத்துவது.

கத்தும்போது பெருப்பது உயிரொலி. ப, வ, ட, த போன்ற மெய்யொலிகள் அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். நீங்கள் தொண்டை கிழிய "பிடி" என்றாலும் "விடு" என்றாலும் அந்த இரைச்சலில் பிள்ளைக்கு ஏதோ ஒரு சத்தம்தான் போய்ச் சேரும். கிளச்சைப் பிடிப்பதா, விடுவதா? அவனுக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: சேர் கோபமாக இருக்கிறார். பயந்த கால் பிரேக்குக்குப் போனால் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது அக்சிலேட்டருக்குப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

"ரைட்" என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பஸ் கொண்டக்டர் மாதிரி "ரைட், ரைட், போ" என்பீர்கள். பிள்ளை ஸ்டேரிங்கை வலப்பக்கம் திருப்பும். சரி என்றால் "சரி" என்றே சொல்லுங்கள்.

கார்ப் பந்தயத் தடங்களில் பழக்குபவர்கள் ஹெல்மெட்டுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் வைத்துப் பேசுகிறார்கள். அவர்களும் கைச்சைகையை விடுவதில்லை. நமக்குக் கையே போதும். வண்டி புறப்படுமுன், எஞ்சினை நிறுத்திவைத்துச் சைகைகளைப் பேசி முடிவு செய்யுங்கள். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் வேகம் குறை, பொத்திய கை என்றால் நில், விரல் காட்டும் பக்கம் திரும்பு. கையை டாஷ்போர்டுக்கு மேலே, வீதியைப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காட்ட வேண்டும். மடியில் வைத்துக் காட்டிப் பயனில்லை. திருப்பத்துக்கு நல்ல தூரம் முன்பே காட்டுங்கள். நீளமாக விளக்க வேண்டியதை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்குங்கள். டீசலும் மிச்சமாகும்.

பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு: கேட்காவிட்டால் "ஓம் சேர்" என்று தலையாட்டாதீர்கள். அது மரியாதை என்று நினைத்துச் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் நீங்கள் விளங்கிக்கொண்டதாக நினைத்து நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். "கேட்கல்ல" என்று சொல்லுங்கள், எத்தனை தரம் என்றாலும். சொன்னதைப் பிடிக்க என் வாயைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீற்றர் போய்விடும். கல்முனை வீதியில் அந்த இடைவெளிக்குள் ஒரு மாடு குறுக்கே வரப் போதும். சந்தேகமென்றால் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, சிக்னல் போட்டு, மெதுவாக ஓரமாக நிறுத்துங்கள். அதற்காக உங்களை ஏசுகிற சேரிடம் பழக வேண்டாம்.

காரில் பிள்ளைக்குத் துணையாகப் பின்சீட்டில் ஏறும் அப்பாமாரே, உங்களிடம் ஒரு கெஞ்சல். நீங்களும் "பிரேக், பிரேக்" என்று சொல்லாதீர்கள். வாருங்கள், இருங்கள், இறங்கியபின் எவ்வளவும் பேசுவோம்.